டான், சான், சின்: மலேசியாவில் ஒரே எழுத்து எப்படிப் பரவியது?

சிங்கப்பூரில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு இப்போது கோலாலம்பூருக்கு மாறியிருக்கும் ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "சிங்கப்பூரில் திரும்பிய பக்கமெல்லாம் டான். இங்கே வந்தால் சான் என்ற பெயர் கூடிவிட்டது. சபாவிலிருந்து வந்த சக ஊழியரின் பெயர் சின். மூன்றும் ஒன்றுதான் என்கிறார் ஒருவர். உண்மையா? அப்படியானால் மலேசியாவில் டான்கள் எங்கே அதிகம், ஏன்? இவர்கள் எல்லாரும் ஒரே வம்சமா?"

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒரு சீன எழுத்து இந்த நாட்டில் எங்கெங்கே பரவியது என்பது ஒன்று. அந்த எழுத்தை எந்த ஊரில் எப்படி உச்சரித்தார்கள் என்பது இன்னொன்று. நீங்கள் கவனித்த வித்தியாசம் பெரும்பாலும் இரண்டாவதைச் சேர்ந்தது. இதைப் பிரித்துக்கொள்ளாமல் பெயர்களை எண்ண ஆரம்பித்தால் கணக்கு உதைக்கும்.

நான் வரலாற்றாசிரியன் இல்லை. ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் கிராணியாக இருந்தேன். இறந்தவர்களின் சொத்துப் பிரிவினை, நிலப் பெயர்மாற்றம், இதுதான் என் வேலை. எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல் சீனர்கள். யார் யாருக்கு மகன், எந்தப் பெயர் எந்தப் பத்திரத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. காண்டனீஸ் பேசுவேன், சீன எழுத்தில் குடும்பப்பெயர்களை அடையாளம் காணத் தெரியும், ஒரு பக்கம் முழுதாகப் படிக்க வராது. ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்தைப் பற்றி நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். மற்ற இடங்களைப் பற்றிப் படித்ததையும் போய்ப் பார்த்ததையும் வைத்துத்தான் சொல்ல முடியும்.

முதலில் எழுத்து. இடது பக்கம் காது மாதிரி ஒரு குறி, வலது பக்கம் 'கிழக்கு' என்று பொருள் தரும் எழுத்து. அதனால் சீனர்கள் ஒருவருக்கொருவர் பெயரை விளக்கும்போது "காது கிழக்கு" என்று சொல்லித்தான் இதை அடையாளம் காட்டுவார்கள். சீனர்கள் எழுதுவது ஒன்று, ஆனால் வட்டாரத்துக்கு வட்டாரம் பேச்சுமொழி வேறு. பொதுமொழியான மாண்டரினில் இது சென். ஹொக்கியன்காரர் வாயில் டான், தியோச்சியூவிலும் டான், ஹைனானீஸிலும் ஏறத்தாழ டான். காண்டனீஸில் சான். ஹக்காவில் சின். ஃபூச்சோ மொழியில் டிங். வியட்நாமில் 1225 முதல் 1400 வரை ஆண்ட டிரான் வம்சத்தின் பெயர்கூட இதே எழுத்துதான். ஆக, மூன்றும் ஒன்றுதான் என்று உங்களிடம் சொன்னவர் சொன்னது சரி. சிங்கப்பூரில் டான் டோக் செங் மருத்துவமனையைத் தாண்டாமல் இருந்திருக்க மாட்டீர்கள். இப்போது கோலாலம்பூரில் சான் சோவ் லின் ரயில் நிலையத்தையும் தாண்டியிருப்பீர்கள். இருவருக்கும் குடும்பப்பெயர் ஒரே எழுத்து. முன்னவர் 1798இல் மலாக்காவில் பிறந்த ஹொக்கியன் வணிகர். பின்னவர் குவாங்டோங்கிலிருந்து வந்து ஈயத்திலும் இரும்பிலும் பணம் பண்ணியவர். சீனப் பெயரில் குடும்பப்பெயர் முன்னால் வரும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டான் டோக் செங் என்பதில் டான்தான் வம்சப் பெயர். நம் இனிஷியல் பழக்கத்தில் அவரை "மிஸ்டர் செங்" என்று கூப்பிட்டுவிடுகிறோம்.

சிங்கப்பூரில் டான் ஏன் இவ்வளவு? அங்குள்ள சீனர்களில் பத்தில் நால்வர் ஹொக்கியன், இருவர் தியோச்சியூ. இரண்டு கூட்டமும் இந்த எழுத்தை டான் என்றே சொல்வதால், பத்தில் ஆறு பேரின் மொழியில் இந்தப் பெயருக்கு டான் என்ற ஒரே எழுத்துக்கூட்டல்தான். அதோடு, சீனா முழுவதும் எடுத்தால் இந்தப் பெயர் ஐந்தாவது இடத்தில்தான் இருக்கிறது. வாங், லீ, சாங், லியூ எல்லாம் அதற்கு முன்னால். ஆனால் தெற்கே ஃபுஜியன், குவாங்டோங் இரண்டு மாகாணங்களிலும் இதுதான் முதல் இடம். நம் பக்கத்துக்குக் கப்பலேறியவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே அந்தத் தெற்குக் கரைக்காரர்கள். வடக்கிலிருந்து வந்திருந்தால் நீங்கள் இன்று வாங்குகளைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். சிங்கப்பூரின் 2000ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் சீனர்களில் சுமார் 9.5 விழுக்காட்டினர் டான். அடுத்து லிம், அதற்கடுத்து லீ.

மலேசியா அப்படி ஒரே சீராக இல்லை. இங்கே ஊருக்கு ஊர் சீன மொழி மாறும். என் மாநிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈப்போ, கம்பார், கோப்பேங் என்று கிந்தாப் பள்ளத்தாக்கு முழுக்க ஈய லம்பங்கள், அதாவது ஈயச் சுரங்கங்கள், இருந்த இடம். லம்பத்துக்கு வந்தவர்கள் காண்டனீஸும் ஹக்காவும். அதனால் எங்கள் அலுவலகக் கோப்புகளில் சானும் சின்னும் கட்டுக் கட்டாக இருக்கும். ஒன்றரை மணி நேரம் கடற்கரைப் பக்கம் காரை ஓட்டினால் மீன்பிடி ஊர்கள், சந்தை ஊர்கள். அங்கே ஹொக்கியனும் தியோச்சியூவும், எனவே டான். அதே கரையில் சித்தியவான் மட்டும் தனி. 1903இல் மெதடிஸ்ட் மிஷன் ஃபூச்சோ கிறிஸ்தவர்களைக் கூட்டிவந்து குடியேற்றிய ஊர் அது. அங்கே இதே எழுத்துக்காரர் டிங் ஆகிவிடுகிறார். ஒரே மாநிலத்துக்குள், அரை நாள் பயணத்தில், ஒரே எழுத்துக்கு நான்கு உச்சரிப்பு. புதிதாக வேலைக்கு வருகிற பையன்களுக்கு நான் கற்றுக்கொடுத்த முதல் பாடம் இது. அப்புறம்தான் முத்திரைத் தீர்வை எல்லாம்.

இந்தக் கணக்கை நாடு முழுவதும் விரித்துப் பார்க்கலாம். பினாங்கு, மலாக்கா, கிள்ளான், வடக்கே கெடா கரை, கிழக்கே கிளந்தான், இங்கெல்லாம் ஹொக்கியன் கை ஓங்கியிருக்கிறது. துறைமுகமும் கடைத்தெருவும் அவர்கள் பிடித்த தொழில். ஆகவே டான். ஜொகூரில் தியோச்சியூக்கள் மிளகும் கம்பீர் என்ற செடியும் பயிரிட்டு ஆற்றங்கரைகளைப் பிடித்தார்கள். ஜொகூர் பாருவில் டான் ஹியோக் நீ என்றொரு தெரு இருக்கிறதே, அவர் அந்தக் காலத்து ஜொகூர்ச் சீனர்களின் பெரிய தலை, தியோச்சியூக்காரர். ஆற்றங்கரையைக் குத்தகைக்கு எடுத்தவரை 'காங்சூ', அதாவது ஆற்றுக்கு உடையவர், என்பார்கள். சிங்கப்பூரில் லிம் சூ காங், சுவா சூ காங், இயோ சூ காங் என்று பேருந்துப் பலகையில் பார்த்திருப்பீர்களே, அவற்றின் முன்னால் இருப்பது அந்த ஆற்றுக்காரரின் குடும்பப்பெயர்தான். ஒரு பெயர் எங்கே வேர் பிடித்தது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடைப்பது அபூர்வம்.

கோலாலம்பூர் ஈயத்தால் எழுந்த ஊர். அதை எழுப்பிய கப்பிட்டான், அதாவது சீனர்களின் தலைவர், யாப் ஆ லோய் ஹக்காக்காரர். பின்னால் காண்டனீஸ்காரர் பெருகினார்கள். நீங்கள் அங்கே சான்களைப் பார்ப்பதற்குக் காரணம் அதுதான். பெட்டாலிங் சாலையின் தெற்குக் கோடியில், மகாராஜலேலா மோனோரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பச்சை ஓடும் கூரை முழுக்க மண்பொம்மைகளுமாக ஒரு கட்டடம் நிற்கும். சான் ஷீ ஷூ யுவென், அதாவது சான் வம்சத்தாரின் கூடம். 1897இல் தொடங்கி 1906இல் கட்டி முடித்தார்கள். முன்னின்றவர்களில் சான் சோவ் லின்னும் ஒருவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். சிங்கப்பூர் மேகசின் சாலையில் டான்களின் கூடம் போ சியாக் கெங் இருக்கிறது. அதை 1870களில் டான் டோக் செங்கின் மகன் டான் கிம் சிங்கும் டான் பெங் சுவீயும் சேர்ந்து கட்டினார்கள். இரண்டு ஊர், இரண்டு உச்சரிப்பு. வாசலில் எழுதியிருக்கும் எழுத்து மட்டும் ஒன்று. ஆனால் கோலாலம்பூரிலேயே டான்களும் நிறைய இருக்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. தலைநகருக்கு எல்லா மாநிலத்திலிருந்தும் ஆள் வந்து சேர்கிறது. மலேசியச் சீனர் சங்கத்தை 1949இல் தொடங்கிய துன் டான் செங் லோக் மலாக்காக்காரர். அவர் பெயரிலும் கோலாலம்பூரில் ஒரு பெரிய சாலை உண்டு.

கிழக்கு மலேசியாவில், அதாவது போர்னியோ தீவிலுள்ள சபா, சரவாக் மாநிலங்களில், குடியேற்றத்தின் கணக்கே வேறு. சபாவுக்கு 1880களில் பாசல் மிஷன் வழியாக ஹக்கா கிறிஸ்தவர்கள் குடும்பம் குடும்பமாக வந்து கூடாட் பக்கம் காடு வெட்டினார்கள். அதற்கப்புறமும் ஹக்காக்களே அதிகம் வந்தார்கள். உங்கள் சக ஊழியர் சின் என்று இருப்பது அதனால்தான் இருக்கும். சரவாக்கில் வோங் நாய் சியோங் என்ற மெதடிஸ்ட் அறிஞர், அப்போது அதை ஆண்ட ராஜா சார்லஸ் புரூக்குடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, 1901இல் சுமார் ஆயிரம் ஃபூச்சோக்காரர்களை சிபுவில் கொண்டுவந்து இறக்கினார். அதனால் ரஜாங் ஆற்றங்கரை நெடுக டிங். கூச்சிங்கில் ஹொக்கியன், தியோச்சியூ வணிகர்கள், எனவே மறுபடி டான்.

ஓர் ஊரில் ஒரு பெயர் இப்படிக் குவிவதற்கு மொழி மட்டும் காரணம் இல்லை. தென்சீனாவில் கிராமத்துக்கு ஒரே குடும்பப்பெயர் என்பது சாதாரணம். முதலில் வந்தவன் கடிதம் போட்டு அண்ணன் மகனைக் கூப்பிடுவான், அவன் பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடுவான். எல்லாரும் ஒரே பெயர்க்காரர். பினாங்கில் வெல்ட் கீ கரையோரம் கடலுக்குள் மரக்கால் நட்டுக் கட்டிய வீட்டு வரிசைகள் இன்றும் இருக்கின்றன. லிம் துறை, சியூ துறை, டான் துறை என்று பெயர். ஒரு துறைக்கு ஒரு வம்சம். தோட்டத்து லயத்தில் பிறந்த எனக்கு இது புதிதாகவே தெரியவில்லை. எங்கள் லயத்தில் முக்கால்வாசிப் பேர் இரண்டே கிராமங்களிலிருந்து வந்தவர்கள், கங்காணி ஊர்க்காரர்கள். கூட்டிவந்த முறை வேறு, கூட்டிவந்த நூல் அதேதான்.

சரி, எல்லாரும் ஒரே வம்சமா? இங்கேதான் நிதானம் வேண்டும். பெயரின் பிறப்பிடம் பற்றித் தகராறு இல்லை. இன்றைய ஹெனான் மாகாணத்தில் ஹுவாய்யாங் பக்கம் சென் என்றொரு சிற்றரசு இருந்தது. சோவ் வம்சம் ஆட்சிக்கு வந்தபோது ஷுன் என்ற பழங்காலப் பேரரசரின் வழிவந்ததாகச் சொல்லப்பட்டவருக்கு அது கொடுக்கப்பட்டது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் சூ நாடு அதை விழுங்கிவிட்டது. நாடு இழந்தவர்கள் நாட்டின் பெயரைக் குடும்பப்பெயராகச் சுமந்து கலைந்தார்கள். அடுத்த உறுதியான புள்ளி ஏழாம் நூற்றாண்டு. வடக்கேயிருந்து படையோடு வந்து 686இல் ஃபுஜியனில் சாங்சோவ் வட்டாரத்தை நிறுவிய சென் யுவான்குவாங் என்ற தளபதி. அவரை இன்றும் தெய்வமாக வைத்து ஹொக்கியன் டான்கள் கும்பிடுகிறார்கள். சிங்கப்பூர்ப் போ சியாக் கெங்கிலும் அவர் இருக்கிறார். இதுவரை சரித்திரம். ஆனால் "டான்கள் எல்லாரும் அந்தத் தளபதியின் பேரப்பிள்ளைகள்" என்று ஒரு பெரியவர் சொன்னால் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். ஃபுஜியனுக்குள் இந்தப் பெயர் பல அலையாக, பல கிளையாக வந்திருக்கிறது. காண்டனீஸ் சான்களும் ஹக்கா சின்களும் வேறு கிளைக் கதைகளைச் சொல்கிறார்கள். வம்சாவளி ஏடுகளில் கடைசி பத்துப் பன்னிரண்டு தலைமுறையை நம்பலாம். அதற்கு மேலே போகப் போக அரசர்களும் தளபதிகளும் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். எந்தச் சாதியின் ஏட்டில்தான் அப்படி இல்லை?

ஆனாலும் ஒரே பெயர் என்றால் பங்காளி மாதிரி என்ற உணர்வு நிஜம். பழைய தலைமுறையில் ஒரே குடும்பப்பெயர்க்காரர்கள் கல்யாணம் செய்துகொள்ள மாட்டார்கள், ஒரே கோத்திரம் மாதிரி. ஒரு டான் பையனும் ஒரு சான் பெண்ணும் காதலித்து, இரண்டு வீட்டுக் கிழவிகளும் எழுத்தைப் பார்த்துவிட்டு ஒப்பாரி வைத்த கதை எங்கள் அலுவலகத்துக்கே வந்தது. நிலத்தை மகளுக்கு எழுத மாட்டேன் என்று பெண்ணின் தகப்பனான தவுக்கே (முதலாளி) பிடிவாதம். இரண்டு பேருக்கும் ரத்த சம்பந்தம் ஆயிரம் வருஷத்துக்குள் இருந்திருக்குமா என்பதே சந்தேகம். பேரன் பிறந்ததும் வந்து எழுதிக்கொடுத்தார்.

இப்போது எண்ணும்போது வரும் பொறிகள். சான் என்று எழுதியிருப்பவர் எல்லாரும் காது கிழக்கு இல்லை. காண்டனீஸ் சான் பெரும்பாலும் அதுதான், ஆனால் ஹொக்கியன் சான் என்றால் அது வேறு எழுத்து. மாண்டரினில் அதை செங் என்பார்கள். சமீபத்தில் சீனாவிலிருந்து வந்த ஒருவர் டான் என்றிருந்தால் அவர் அநேகமாக நம் டான் இல்லை. அது இங்கே தாம் என்று எழுதப்படுகிற காண்டனீஸ் பெயரின் மாண்டரின் வடிவம். நம் டான் அங்கிருந்து வந்தால் சென் என்று வருவார். டிங் என்பதற்குள்ளும் இரண்டு எழுத்துகள் உண்டு. டான் ஸ்ரீ என்பது அரச விருது, குடும்பப்பெயர் அல்ல. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த டாக்டர் டான் சீ கூனுக்கு அந்த விருதும் கிடைத்ததால் அவர் டான் ஸ்ரீ டான் சீ கூன் ஆனார். கணினியில் டான் என்று தேடி எண்ணினால் இதெல்லாம் கலந்து வரும். புனைபெயர்கள் வேறு. கம்யூனிஸ்ட் தலைவர் சின் பெங்கின் 'சின்' நம் எழுத்துதான், ஆனால் அது அவர் வைத்துக்கொண்ட பெயர். சித்தியவானில் பிறந்தபோது அவர் ஓங் பூன் ஹுவா.

எழுத்துக்கூட்டலுக்கும் அந்தக் காலத்தில் எந்த விதியும் இல்லை. பிறப்பைப் பதிய வந்த தகப்பன் வாயால் சொன்னதை மேசைக்குப் பின்னால் இருந்தவர் காதில் விழுந்தபடி எழுதினார். எழுதியவர் மலாய்க்காரராக இருக்கலாம், யாழ்ப்பாணத்துக் கிராணியாக இருக்கலாம், வெள்ளைக்காரராகவும் இருக்கலாம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சொத்துக் கோப்பு வந்தது. இறந்தவர் சின், மூத்த மகன் சான், இளைய மகன் சின். மூத்தவர் வளர்ப்பு மகனாக இருக்கும் என்று நானே முடிவு செய்து, தத்தெடுப்புப் பத்திரம் கேட்டுக் கடிதம் தட்டச்சு செய்துவிட்டேன். நல்லவேளை, அனுப்புவதற்கு முன் எங்கள் பெரிய கிராணி பார்த்துவிட்டார். பென்சிலால் அந்த எழுத்தை வரைந்து காட்டி, "ரெண்டும் இதுதான்டா" என்றார். மூத்தவன் பிறந்தது காண்டனீஸ் ஊரில், இளையவன் பிறந்தது ஹக்கா கம்பத்தில் (கிராமத்தில்), அவ்வளவுதான் விஷயம். கடைசியில் சத்தியப் பிரமாணம் ஒன்று எழுதி வேலை முடிந்தது. அதற்குப் பிறகு எந்தக் கோப்பிலும் சீன எழுத்தைப் பக்கத்தில் எழுதி வாங்காமல் விட்டதில்லை.

ஆகவே எண்ணிக்கையைப் பொறுத்தவரை என் பதில் இது. மலேசியச் சீனர்களிடம் டான், லிம், லீ மூன்றும் முன்வரிசையில் இருக்கின்றன. சான், சின், டிங், சென் எல்லாவற்றையும் ஒரே எழுத்தாகக் கூட்டினால் அந்த எழுத்து இன்னும் வலுவாக மேலே வரும். டான் மேற்குக் கரைத் துறைமுகங்களிலும் தெற்கிலும், சான் ஈயப் பள்ளத்தாக்குகளிலும், சின் பழைய லம்ப ஊர்களிலும் சபாவிலும், டிங் ரஜாங் கரையிலும் சித்தியவானிலும். இதற்கு மேல் "மலேசியாவில் இத்தனை லட்சத்து இத்தனை டான்கள்" என்று கடைசி இலக்கம் வரை சொல்கிற இணையப் பட்டியல்களை நம்ப வேண்டாம். எழுத்துக்கூட்டலை வைத்து எண்ணியவருக்கு எழுத்து தெரியாது. குடிமதிப்பு இனத்தைக் கேட்கும். தாத்தா கப்பலில் கொண்டுவந்த எழுத்தைக் கேட்காது. பழைய தொலைபேசிப் புத்தகத்தை வைத்து எண்ணினால் போன் வாங்க வசதி இருந்த வீட்டுக்காரர் மட்டும் வருவார். வாக்காளர் பட்டியல் அதைவிட மேல், ஆனால் 2022 தேர்தலுக்கு முந்தைய பட்டியல்களில் தானாக வந்து பதிந்துகொண்டவர்கள் மட்டுமே உண்டு. அதுவும் பதிந்த ஊரைத்தான் காட்டும். கோலாலம்பூரில் இருபது வருஷமாக வேலை செய்துகொண்டு ஓட்டுப் போட மட்டும் பஸ் ஏறிப் போகிறவர்கள் எத்தனை பேர்!

உங்கள் சக ஊழியரிடம் கேட்க வேண்டுமானால் "நீங்கள் எந்தக் குடும்பம்?" என்று கேட்காதீர்கள், விசாரணை மாதிரி இருக்கும். "உங்கள் சின் காது கிழக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். முகம் மலர்ந்துவிடும். அப்புறம் தாத்தா எந்த ஊர் என்று அவரே ஆரம்பிப்பார்.

எந்தப் பட்டியலிலும் வராத ஒருவரையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மலாயாவில் கஷ்ட காலத்தில் சீனக் குடும்பங்கள் பெண்குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்களுக்கு வளர்க்கக் கொடுத்ததுண்டு. எங்கள் பெரியம்மா அப்படி வந்தவர். தாப்பா பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தார், தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தார், தைப்பூசத்துக்கு இரண்டு முறை பால்குடம் எடுத்தார். அவருடைய பழைய பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் சான் என்று தொடங்கியது. சீன எழுத்து இல்லை. ஊரை வைத்துப் பார்த்தால் காது கிழக்காக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஒருமுறை அந்த எழுத்தைத் தாளில் பெரிதாக எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கோலம் மாதிரி இருக்கு" என்று சொல்லி, மடித்து வெற்றிலைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.